கொய்யாக் கனி

திண்டுக்கல் என்றவுடன் அயலூரார் நினைவிற்கு முதற்கண் வருவது பூட்டு. அடுத்து வருவன ஊருக்கு அப்பெயரை ஈந்த பெரும்பாறையும் அதன்மேல் அமைந்த கோட்டையும். சின்னாளபட்டிச் சேலையைப் பாராட்டுவோர் உளர். சிறுமலை வாழையையும் விருப்பாச்சி வாழையையும் சுவைத்து மகிழ்வோர் உளர். ஆயினும் இம்மாவட்டத்துச் சமவெளியில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தே, ஆண்டுதோறும் பல்லாயிரம் கூடைகளில் நிறைந்து வெளியேறும் ஓர் எளிய கனியைப் பெருமையோடு எடுத்துரைப்போர் மிகச் சிலரே. அக்கனி கொய்யா.

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் பெருவழியில், பழனியை அணுகுமுன் ஆயக்குடி என்னும் பேரூர் உள்ளது. அவ்வூரைச் சுற்றிலும் கொய்யாத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. விடியுமுன் பறிக்கப்பெற்ற காய்களும் கனிகளும் கூடைகளிலும் பெட்டிகளிலும் சந்தைக்கு வந்து குவியும். அங்கிருந்து தமிழ்நாட்டின் பல நகரங்களுக்கும் கேரளத்திற்கும் அவை செல்லும். இத்தகைய வளம் நம் வாயிலில் இருக்கவும், நம் பிள்ளைகளிற் பலர் பள்ளி இடைவேளையில் நாடிச் செல்வது உறையில் அடைத்த வறுவலையும் புட்டியில் அடைத்த இனிப்பு நீரையுமே. கொய்யாவை நாம் மதிக்க வேண்டிய அளவு மதிக்கவில்லை என்பதும், அதனால் நம் உடல்நலமும் உழவர் நலமும் ஒருங்கே குறைகின்றன என்பதும் என் கருத்து. அக்கருத்திற்குரிய காரணங்களை இப்பாடத்தில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெயரும் வரவும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாக யான் பணியாற்றிய காலத்தில், 'கொய்யாப் பழம்' என்னும் தொடருக்கு இலக்கணக் குறிப்பு எழுதச் சொன்னால், 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என விடை எழுதும் மாணவர் பலர் இருந்தனர். கொய்யாத பழம் கொய்யாப் பழம் என்பது அவர்தம் கருத்து. 'ஓடாக் குதிரை', 'பாடாக் குயில்' என்பன போல இதுவும் அமைந்திருத்தலின், அவர்கள் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. எனினும் இலக்கணத்தாற் பொருந்துவதெல்லாம் வரலாற்றாற் பொருந்திவிடாது.

கொய்யாவின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலப் பகுதி. அங்கு வழங்கிய பெயரை ஒட்டி ஸ்பானியர் அதனைக் 'குவயாபா' என்றும் போர்த்துகீசியர் 'கொயாபா' என்றும் அழைத்தனர். கடல் கடந்து இந்தியாவிற்கு வந்த போர்த்துகீசியர் வழியாகவே அக்கனியும் நம் நாட்டை அடைந்தது. கொயாபா என்னும் ஒலி தமிழர் நாவில் கொய்யா என்று திரிந்தது. அன்னாசியும் பப்பாளியும் இவ்வாறே பெயரோடு வந்த கனிகள். மிளகாயும் அக்கண்டத்திலிருந்து வந்ததே. மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலின் அதற்கு மட்டும் நாமே பெயர் சூட்டிக்கொண்டோம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கொய்யாவைக் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தருகின்றார்களே, அங்கே சந்திப்பவை ஒரே கண்டத்திலிருந்து வந்து நம்மவராகிவிட்ட இரண்டு விருந்தினர் எனலாம்.

பிற்காலத்தில் வந்தமையால் கொய்யாவிற்கு ஒரு குறை நேர்ந்தது. மா, பலா, வாழை என்னும் முக்கனிகளைப் பாடாத புலவர் இலர். நெல்லிக்கனியோ அதியமான் ஒளவைக்கு ஈந்த வரலாற்றால் என்றும் அழியாப் புகழ் பெற்றது. கொய்யாவிற்கு அத்தகைய புகழ்மாலை ஒன்றும் இல்லை. விழாக்களில் அதற்கு இடமில்லை. தாம்பூலத் தட்டிலும் இடமில்லை. ஆயினும் ஒரு பொருளின் பயன் அதனைப் பாடியவர் தொகையால் அளக்கப்படுவதன்று.

ஏழையின் ஆப்பிள் என்பது தகுமா?

கொய்யாவைப் புகழ நினைப்போர் அதனை 'ஏழைகளின் ஆப்பிள்' என்று கூறுவர். இது புகழ்ச்சி போலத் தோன்றும் இகழ்ச்சி ஆகும். ஆப்பிள் உயர்ந்தது, அதனை வாங்க இயலாதவர் கொய்யாவைக் கொண்டு மனம் நிறைவு பெறட்டும் என்பதே அத்தொடரின் உட்பொருள். அது உண்மைதானா என்று ஆராய்வோம்.

இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து அட்டவணைகளாக வெளியிட்டு வருவது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனம் பிறந்த இடம் நம் தமிழ்நாடே என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். 1918 ஆம் ஆண்டு இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் நீலகிரியிலுள்ள குன்னூரில், ஒரே அறையில் தம் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958 ஆம் ஆண்டு ஐதராபாத்திற்கு மாறியது. 1969 இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்திற் பிறந்த மருத்துவர் கோபாலன் அதன் இயக்குநராக விளங்கி, இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்தளித்த நூல் நாடெங்கும் பயன்பட்டது.

அவ்வட்டவணைகளின்படி 100 கிராம் கொய்யாவில் 'வைட்டமின் சி' எனப்படும் உயிர்ச்சத்து 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. ஆரஞ்சில் அது ஏறத்தாழ 50 மில்லிகிராம் அளவே. ஆப்பிளிலோ 5 மில்லிகிராம் அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே இவ்வொரு சத்தைப் பொறுத்தமட்டில் கொய்யா ஆப்பிளினும் ஏறத்தாழ 40 மடங்கு வளமுடையது. நார்ச்சத்து 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் உண்டு; ஆப்பிளில் அதிற் பாதி அளவே உண்டு. பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தும் கொய்யாவில் மிகுதி. உள்ளே சிவந்த கொய்யாவில், தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைகோபீன் என்னும் பொருளும் அமைந்துள்ளது.

ஆப்பிளை இழித்துரைப்பது என் நோக்கமன்று. அதுவும் நல்ல கனியே. காசுமீரத்திலும் இமாசலத்திலும் வாழ்வோர்க்கு அஃது அண்டை வீட்டுக் கனி. அவர்கள் அதனை விரும்பி உண்பது இயல்பு. நாமோ நெடுந்தொலைவு பயணம் செய்து, குளிர்க்கிடங்கில் நாள் பல கிடந்து, மெழுகு பூசப்பெற்று வரும் ஆப்பிளைப் பெருவிலை கொடுத்து வாங்குகிறோம். காலையிற் பறித்து மாலையிற் கைக்கு வரும் கொய்யாவை வாங்கத் தயங்குகிறோம். நோயுற்றாரைக் காணச் செல்பவர் ஆப்பிள் வாங்கிச் செல்வர். கொய்யாவை எடுத்துச் செல்ல நாணுவர். விலை மிகுந்தது நலமும் மிகுந்ததாய் இருக்கும் என்னும் மயக்கமே இதற்குக் காரணம். 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இம்மயக்கத்தைக் கண்டன்றோ!

உயிர்ச்சத்து செய்யும் பணி

இவ்வுயிர்ச்சத்து உடலுக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு வரலாற்றால் விளக்கலாம். பண்டு நெடுங்கடலிற் பல திங்கள் பயணம் செய்த மாலுமிகள், பசுங்காயும் கனியும் இன்றி உலர்ந்த ரொட்டியையும் உப்பிட்ட இறைச்சியையும் உண்டு வாழ்ந்தனர். அவர்தம் ஈறுகள் வீங்கிக் குருதி கசிந்தன, பற்கள் ஆடின, ஆறிய புண்களும் மீண்டும் வாய்திறந்தன. ஸ்கர்வி எனப்படும் அந்நோயால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1498 இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் மாலுமிகளிலும் பலர் அப்பயணத்தில் அந்நோய்க்கு இரையாயினர். கொய்யாவை நமக்குப் பின்னாளிற் கொண்டுவந்த நாட்டார், அக்கொய்யாவில் நிறைந்துள்ள சத்து இன்மையாலேயே கடலில் மாண்டனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் இரங்குகிறது.

1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், அந்நோயுற்ற மாலுமிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களை உணவோடு அளித்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அக்கனிகளில் மறைந்திருந்த பொருளை 1928 இல் பிரித்தெடுத்தவர் அங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் செந்த் ஜியார்ஜி. அவர் 1937 இல் நோபெல் பரிசு பெற்றார்.

தோல், ஈறு, எலும்பு, குருதிக்குழாய் ஆகியவற்றைப் பிணைத்து நிறுத்தும் ஒருவகைப் புரதம் உடலில் உருவாவதற்கு இவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. புண் ஆறுவதற்கும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றாமல் இருப்பதற்கும் இது வேண்டும். ஆடும் மாடும் இதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனால் அஃது இயலாது. நீரிற் கரைந்து வெளியேறிவிடுவதால் நெடுநாள் சேமித்து வைத்தலும் அரிது. வெப்பத்தால் இச்சத்து அழியும். ஆகவே கொதிக்க வைத்த உணவுகளிலேயே நிறைவு காணாது, பச்சையாக உண்ணத்தக்க கனி ஒன்றையேனும் நாள்தோறும் உண்ணுதல் நன்று.

ஆயினும் அளவு அறிதல் வேண்டும். பெரியவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 65 முதல் 80 மில்லிகிராம் வரையிலான வைட்டமின் சி என்று இந்திய வல்லுநர் வகுத்துள்ளனர். நடுத்தரக் கொய்யா ஒன்று அதனினும் மிகுதியாகவே தந்துவிடும். நான்கு கனி உண்பவர்க்கு நான்கு மடங்கு நலம் விளையும் என எண்ணுதல் பேதைமை. எஞ்சியது சிறுநீரோடு கழிந்துவிடும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைகளின் பெயர்களை அடுக்காது, உண்ணும் அளவையும் காலத்தையும் பசியையும் பற்றியே மிகுதியாகப் பேசினார். அவ்வறிவுரை கொய்யாவிற்கும் பொருந்தும்.

இரும்பும் கொய்யாவும்

கொய்யாவின் நலன்களுள் நம் நாட்டுப் பிள்ளைகட்கு மிகவும் வேண்டியது மற்றொன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள் குறைவதே குருதிச்சோகை. அது வந்தவர்க்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளிறும், படித்தது மனத்திற் பதியாது. வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருக்கும் மாணவியைச் சோம்பல் உடையவள் என்று கடிந்துகொள்கிறோம். அவள் குருதியில் இரும்புச்சத்து குன்றியிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இரும்புச்சத்து நம் உணவில் இல்லாமலில்லை. கேழ்வரகிலும் கம்பிலும் பருப்பிலும் அஃது உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தையில் மலைபோற் குவியும் முருங்கையின் கீரையிலும் உண்டு. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பு, குடலால் எளிதில் உறிஞ்சிக்கொள்ளப்படாத நிலையில் அமைந்துள்ளது. தானியங்களில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் அதனைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. உணவோடு தேநீர் அருந்தினால் அத்தடை மேலும் வலுக்கும். தட்டில் இருந்த இரும்பிற் பெரும்பகுதி குருதியைச் சென்றடையாமலே கழிந்துபோகும். 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்பர். இங்கோ வாய்க்கு எட்டியது குருதிக்கு எட்டவில்லை.

இத்தடையை நீக்கும் ஆற்றல் வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்திற்கு உண்டு. அது தாவர இரும்பைக் குடல் ஏற்கும் வடிவிற்கு மாற்றுகிறது. கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றிற் சேர்தல் வேண்டும். நண்பகலிற் கீரையும் சோறும் உண்டு, மாலையிற் கொய்யா உண்பதனினும், அவ்வுணவோடு சேர்த்து ஒரு கொய்யாவை உண்பது இரும்பைப் பெறுதற்குச் சிறந்த வழி. சோகை முற்றியவர்க்கு மருத்துவர் தரும் மாத்திரையே மருந்து. கொய்யா அதற்கு ஈடாகாது. மருந்தின் தேவை நேராதவாறு உடலைக் காக்கும் உணவில் அதற்குச் சிறந்த இடம் உண்டு என்பதே யாம் கூறுவது.

வீண் அச்சங்கள்

கொய்யாவைப் பற்றிய சில அச்சங்கள் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளன. கொய்யா தின்றாற் சளி பிடிக்கும் என்பது அவற்றுள் முதன்மையானது. சளியும் தடுமனும் நுண்கிருமிகளால் வருவன. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவுவன. கனி அவற்றைத் தோற்றுவிப்பதில்லை. அதுபோலவே கொய்யா தின்றாற் சளி வரவே வராது என்று கூறுதலும் மிகையே.

விதைகள் குடலில் தங்கி நோய் செய்யும் என்பது இரண்டாவது அச்சம். விதைகள் பெரும்பாலும் செரியாமல் மலத்தோடு வெளியேறிவிடும். நன்றாக மென்று தின்பவர் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. மலச்சிக்கல் உண்டாகும் என்பது மூன்றாவது. முற்றாத காயை மிகுதியாகத் தின்று நீரும் அருந்தாதவர்க்கு வயிறு கடினப்படுதல் கூடும். செங்காயாகவோ கனியாகவோ அளவோடு உண்டு போதிய நீர் அருந்துவோர்க்கு அதன் நார்ச்சத்து மலச்சிக்கலைப் போக்கவே துணைசெய்யும்.

இவ்வச்சங்கள் வீணானவை என்பதால் எச்சரிக்கையே வேண்டாம் என்பதன்று. கனியை ஓடும் நீரிற் கழுவி உண்ணுதல் வேண்டும். தோலிலும் தோலை அடுத்த பகுதியிலும் சத்து மிகுதி. ஆதலின் தோலைச் சீவி எறிதல் கூடாது. பழ ஈ முட்டையிட்ட கனியிற் புழு இருத்தல் உண்டு. பிளந்து பார்த்து உண்பது நன்று. கொய்யாவின்மேல் உப்பையும் மிளகாய்த்தூளையும் அள்ளிக் கொட்டுதல் நாவிற்கு இனிது, உடலுக்கு இனிதன்று. நீரிழிவு உடையோரும் சிறுநீரக நோயுடையோரும் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கொய்யாத கனி

இனி, கொய்யாவை விளைவிப்போரைச் சற்று நினைப்போம். கொய்யா மரம் மிகுந்த நீரை வேண்டாதது, வறட்சியைத் தாங்கும், பலவகை மண்ணிலும் வளரும். மழை பொய்க்கும் திண்டுக்கல் சமவெளிக்கு அது பொருத்தமான பயிர். லக்னோ 49 முதலிய வகைகளைப் பதியம் வைத்து உழவர் வளர்க்கின்றனர். ஆண்டுதோறும் கவாத்து செய்கின்றனர்; எரு இடுகின்றனர்; பழ ஈயோடு போராடுகின்றனர். ஆனால் பருவத்தில் எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே காய்க்கும்போது சந்தையில் விலை வீழ்ந்துவிடுகிறது. கொய்யா சில நாள்களே தாங்கும் கனி. விலை ஏறும் வரை காத்திருக்க இயலாது. பறிப்போர் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே விற்ற பணம் கட்டாது என்னும் நிலையில், கனிகள் மரத்திலேயே விடப்பட்டுக் கீழே உதிர்ந்து மண்ணோடு மண்ணாவதும் உண்டு.

அன்று என் மாணவர் எழுதிய பொருந்தா விடை அந்நாளிற் பொருந்திவிடுகிறது. அக்கனி உண்மையாகவே கொய்யாப் பழம் ஆகிவிடுகிறது! ஒருபுறம் குருதிச்சோகையால் வாடும் பிள்ளைகள். மறுபுறம் கொய்வார் இன்றி உதிரும் கனிகள். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஓரிரு மணி நேரப் பயணமே. இதனினும் வருந்தத்தக்கது வேறு யாது?

பள்ளி உணவில் ஒரு கனி

இதற்கு யான் முன்மொழியும் வழி எளியது. கொய்யா மிகுதியாக விளையும் திங்கள்களில், திண்டுக்கல் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் நண்பகல் உணவோடு வாரத்தில் இரு நாளேனும் ஆளுக்கொரு கொய்யாக் கனி வழங்கப்படல் வேண்டும்.

பள்ளியில் உணவளித்தல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. 1920 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் பிட்டி தியாகராயர் காலத்தில் அது தொடங்கியது. 1956 இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் பரவச் செய்தார். 1982 இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம் வழங்கும் முறையும் ஏற்பட்டது. 2022 இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையும் அத்தட்டில் ஒன்றைச் சேர்த்துள்ளது. இனி நாம் சேர்க்க வேண்டுவது கனி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 100 கிராம் கனி உண்ண அறிவுறுத்துகிறது. நடுத்தரக் கொய்யா ஒன்று ஏறத்தாழ அவ்வளவே.

இதற்கு மறுப்புரைகள் எழலாம். கனி விரைவில் அழுகும் என்பர். செங்காயாகப் பறித்த கொய்யா இரண்டு மூன்று நாள் கெடாது. ஆயக்குடியிலிருந்து சமவெளியில் உள்ள எவ்வூர்ப் பள்ளியையும் ஒரே நாளில் அடைந்துவிடலாம். செலவு மிகும் என்பர். விலை வீழ்ந்த காலத்தில் உழவர்க்குக் கட்டுபடியாகும் விலையில் நேரடியாக வாங்கினால், செலவும் அடங்கும், உழவரும் பிழைப்பர். கொய்யா இல்லாத திங்களில் என் செய்வது என்பர். அவ்வப்பருவத்தில் விளையும் வேறு கனியைத் தரலாம். நத்தம் பகுதியில் மாவும், மாவட்டத்தின் பல ஊர்களில் வாழையும் பப்பாளியும் விளைகின்றனவே! எல்லா மாவட்டத்திற்கும் ஒரே கனி வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அந்தந்த மண்ணில் விளைவது அந்தந்தப் பிள்ளைக்கு என்பதே சிறந்த முறை.

ஒரு வளத்தை, அஃது இருக்கும்போதே போற்றாவிடின் பின்னர் இரங்க நேரும். விருப்பாச்சி மலைவாழை ஒருகாலத்தில் கீழ்ப்பழனி மலைகளில் எங்கும் செழித்திருந்தது. முடிக்கொத்து நோய் தாக்கி அத்தோட்டங்கள் பெரிதும் அழிந்தன. அரிதான பின்னரே அதன் அருமை உணரப்பெற்று, 2008 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொய்யாத் தோட்டங்கள் கட்டுபடியாகாமல் வெட்டப்பட்டு மனைகளாக மாறிய பின் நாம் விழித்தெழுதலாற் பயன் என்ன?

மாணவர் செய்யத்தக்கது

மாணவர்களே! அரசு செய்யத்தக்கதை அரசு செய்யட்டும். நீங்கள் செய்யத்தக்கதும் உண்டு. இனிப்பு நீர் அடைத்த சிறு புட்டி ஒன்றை வாங்கும் காசு உங்கள் கையில் இருக்கும்போது, அப்புட்டிகள் பலவற்றில் ஐந்து தேக்கரண்டி அளவு வரை சர்க்கரை கரைந்துள்ளது என்பதை நினையுங்கள். அக்காசிற்கு ஒன்றோ இரண்டோ கொய்யா கிடைக்கும். அதனைக் கழுவித் தோலோடு உண்ணுங்கள். உச்சிவேளை உணவோடு உண்டால் இன்னும் நன்று. உங்கள் அன்னைக்கும் அக்காவிற்கும் தங்கைக்கும் ஒரு பங்கு தர மறவாதீர்கள். குருதிச்சோகை பெண்களிடத்தே மிகுதி. ஆயினும் நம் இல்லங்களிற் கனியை இறுதியில் உண்பவரும், பல நாள் உண்ணாமலே விடுபவரும் பெண்களே.

இடமுள்ள பள்ளிகளில் கொய்யாப் பதியம் ஒன்றை நட்டு நீர் ஊற்றி வளருங்கள். நல்ல பதியம் இரண்டு மூன்று ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கிவிடும். எட்டாம் வகுப்பில் நட்ட மாணவர் பள்ளிப் படிப்பை முடிக்குமுன் தம் கையாலேயே கனி கொய்து உண்ணலாம். தமக்குப் பின் வருவோர்க்கும் விட்டுச் செல்லலாம்.

உயர்ந்த பொருளெல்லாம் தொலைவில் இருந்தே வரும் என்பது பிழை. நம் மண்ணில் வேரூன்றி, நம் உழவர் கையால் வளர்ந்து, நம் பிள்ளைகள் குருதியை வளமாக்கவல்ல கனி ஒன்று நம் வாயிலிலேயே காய்த்துத் தொங்குகிறது. அதனைக் கொய்வோம், பகிர்ந்து உண்போம். 'கொய்யாத பழம்' என்னும் விடை, திண்டுக்கல் மாவட்டத்தில் என்றைக்கும் பிழையாகவே இருக்குமாறு செய்வோம்.